அளவு சொல்லாத மாமியார்

கேள்வி: பட்டர்வொர்த்தில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியாருடன் இருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கியூசி (தரக் கட்டுப்பாடு) வேலை. மாமியார் போடும் ஜாதிக்காய் ஊறுகாயை பாட்டிலில் அடைத்து, சில வாரங்களாக ஜோர்ஜ்டவுனில் ஹின் பஸ் டிப்போ ஞாயிற்றுச் சந்தையில் ருசி பார்க்கக் கொடுத்து விற்கிறேன். கொண்டுபோவது மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. காய், பாட்டில், லேபிள், கடை வாடகை, பினாங்குப் பாலத்து டோல் எல்லாம் போக பாட்டிலுக்கு 6 ரிங்கிட் நிற்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்க ஆசை. கணவர் வேண்டாம் என்கிறார். அதிகமாகப் போடலாம் என்றால் அத்தை சேர்மான அளவு சொல்ல மாட்டேன் என்கிறார். பழைய காலத்து மனுஷி, 56 வயதில் மாறவா போகிறார்? வேலையை விடலாமா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வேலையை விடுவது பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த "அளவு சொல்ல மாட்டேன் என்கிறார்" விஷயத்துக்கு வாருங்கள்.

ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று அவரிடம் உட்கார்ந்து கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். பழைய காலத்து மனுஷி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். 56 வயதெல்லாம் ஒரு வயதா? எனக்கு அதைவிடக் கூடுதல். இன்னும் என் வீட்டுக் கணக்கை நான்தான் பார்க்கிறேன்.

உங்கள் செலவுக் கணக்கை மறுபடி படித்துப் பாருங்கள். காய் இருக்கிறது, பாட்டில் இருக்கிறது, பாலத்து டோல்கூட இருக்கிறது. ஊறுகாய் போட்டவருக்கு ஒரு காசு எழுதியிருக்கிறீர்களா? ஜாதிக்காய் ஊறுகாய் என்ன, எலுமிச்சையை நான்காகக் கீறி உப்பில் போடுகிற வேலையா? தோல் சீவி, கொட்டையும் பத்திரியும் எடுத்து, நறுக்கின சதை கறுப்பதற்குள் உப்புத் தண்ணீரில் போட்டு, துவர்ப்பை இறக்கி, வெயிலில் காயவைத்து எடுக்க வேண்டும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழையில் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளேயும் வெளியேயும் ஓடுகிறவர் யார்? நீங்கள் ஷிப்டில் இருக்கிறீர்கள், கணவர் வேலையில் இருக்கிறார். அந்த 6 ரிங்கிட் லாபம் என்கிறீர்களே, அதில் பெரும்பகுதி அவருக்குக் கொடுக்காத கூலி.

இந்தக் கதை எனக்குப் புதிதில்லை. முறுக்கு, அதிரசம், மசாலைத்தூள் என்று பண்டம் மாறும், கடிதம் ஒன்றுதான். மருமகளுக்குத் தொழில் ஆசை, மாமியார் கையில் பக்குவம், நடுவில் பேசாத ஒரு கணக்கு. உங்கள் அத்தை வாய் திறந்து கேட்க மாட்டார். மகன் வீட்டில் சாப்பிடுகிறோம், கூலி கேட்டால் நன்றாக இருக்குமா என்று நினைப்பார். ஆனால் அவருக்குக் கணக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். அளவைச் சொல்லிவிட்டால் நாளைக்கு இரண்டு ஆள் வைத்து நீங்களே போட்டுக்கொள்வீர்கள். அப்புறம் அந்த வீட்டில் அவருக்கு என்ன இடம்? அவர் பெயரில் வீடு இல்லை, சம்பளம் இல்லை, அனேகமாகச் சேமநிதியும் இல்லை. கையில் இருப்பது அந்த அளவு ஒன்றுதான். அதையும் சும்மா கேட்கிறீர்கள். அவர் இடத்தில் நான் இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

குடும்பத்துக்குள் கூலியா என்று உங்கள் கணவர் முகம் சுளிக்கலாம். பெற்ற தாயை உட்காரவைத்துச் சோறு போடுவது மகன் கடமை. அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அவர் உழைப்பை பாட்டிலில் அடைத்து விலை போட்டு விற்கிற அன்றைக்கு அது வியாபாரம் ஆகிவிட்டது. சோறு போட்டேன், கணக்கு சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சோறு மகன் கடன், கூலி கடைக்காரர் கடன். இரண்டும் வேறு.

சட்டமே உங்கள் அத்தையை எங்கே வைக்கிறது பாருங்கள். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகள்படி, விற்பனைக்கு உணவு தயாரிக்கிறவர் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். கடையில் கரண்டி பிடிக்கிற உங்களுக்கும் அது உண்டு. அத்தைக்கு ஊசி போட்டாயிற்றா? வீட்டில் வைத்துத் தயாரிப்பதற்கு செபராங் பிறை மாநகர் மன்றத்தில் கேட்டீர்களா? கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிய வேண்டும் என்பதாவது தெரியும் என்று நம்புகிறேன். வாரக் கணக்காக விற்கிறீர்கள், கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

அங்கேதான் நீங்கள் செய்ய வேண்டிய காரியம் இருக்கிறது. உங்கள் பெயரில் மட்டும் பதியாதீர்கள். பங்குத் தொழிலாக, அத்தை பெயரும் உங்கள் பெயரும் சேர்த்துப் பதியுங்கள். தொழிலுக்குத் தனிப்பெயர் வைத்தால் ஆண்டுக்கு 60 ரிங்கிட்தான். யாருக்கு எத்தனை பங்கு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், கணவர் சாட்சி. பாதிக்குக் குறைந்து கொடுத்தால் எனக்கு எழுத வேண்டாம். பணத்தை அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள், மகன் கணக்கில் போடாதீர்கள். அதில் கொஞ்சத்தை ஊழியர் சேமநிதி வாரியம் சுயதொழில் செய்கிறவர்களுக்கு வைத்திருக்கும் ஐ-சாரான் திட்டத்தில் சேர்க்கட்டும். 60 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, போடுகிற தொகைக்கு ஏற்ப ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை அரசாங்கமும் சேர்க்கிறது. அவருக்கு இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு தராசை எடுத்துக்கொண்டு போய் அத்தை பக்கத்தில் உட்காருங்கள். அவர் கண்ணளவில் அள்ளிப் போடட்டும், போடுவதற்கு முன்னால் நீங்கள் நிறுத்து எழுதுங்கள். கியூசியில் இருப்பவருக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு தடவை உப்பு குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். உங்கள் பெயரோடு அவர் பெயரும் சேர்ந்து கெடும். 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள்படி லேபிளில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போட வேண்டும், அதுவும் மலாய் மொழியில். அதற்கும் எடை தெரிய வேண்டும். ஆனால் எத்தனை கிராம் என்று அங்கே போடத் தேவையில்லை, வரிசை போதும். இதை அத்தைக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். பக்குவம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்கிற பயம் போகும்.

சந்தைக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும். துவர்ப்பு எப்படிப் போனது, பாலிக் புலாவ் தோட்டத்துக் காயா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல அவரால்தான் முடியும். ஊறுகாயைத் தனியாக நாக்கில் வைத்தால் உப்பும் காரமும்தான் தெரியும். கிரீம் கிராக்கர் பிஸ்கட்டை உடைத்து அதன்மேல் வைத்துக் கொடுங்கள். கரண்டியை நீங்களே பிடியுங்கள், வாங்க வருகிறவர் கையில் கொடுக்காதீர்கள். ஈரக் கரண்டி ஒன்று விழுந்தால் அந்தப் பாட்டில் போச்சு.

மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது என்று மனம் குளிர்ந்துபோய் எழுதியிருக்கிறீர்கள். யார் வாங்கினார்கள்? அந்தச் சந்தையில் பாதிப் பேர் சுற்றுப்பயணிகள், கோலாலம்பூரிலிருந்து வார இறுதிக்கு வந்தவர்கள். ருசி பார்ப்பார்கள், சிரிப்பார்கள், ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். காலி பாட்டிலோடு திரும்பி வருகிறவர்தான் உங்கள் வாடிக்கையாளர். அவர்களை எண்ணத் தொடங்குங்கள்.

வேலையை இப்போது விடாதீர்கள். அத்தையின் பங்கைக் கழித்துவிட்டு, ஆறு மாதம் கணக்கு எழுதுங்கள். மிச்சம் உங்கள் சம்பளத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வியாபாரமாகவே நடக்கட்டும், அதில் கேவலம் ஒன்றுமில்லை. உங்கள் கணவர் வேண்டாம் என்பது எதற்கு என்றும் நீங்கள் எழுதவில்லை. அம்மா அடுப்படியில் கஷ்டப்படுவதை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ என்னவோ. அப்படியானால் அதை வாய் திறந்து சொல்ல வேண்டியதும் அவர் கடமைதான். இந்தப் பக்கத்தை அவரிடமும் கொடுங்கள்.

பாதிப் பங்கு கொடுத்த பிறகும் அத்தை அளவு சொல்லவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள். அவருக்குச் சொல்ல வேண்டியதும் என்னிடம் இருக்கிறது.