ஊக்கப் பேச்சு கேட்டு யாராவது நிஜமாகவே மாறியிருக்கிறார்களா?

சமூக மாற்றம், சேவை, தன்முன்னேற்றம் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, அதைக் கேட்டு உங்கள் வாழ்க்கையில் ஏதாவது மாறியதா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறியது. ஆனால் மாறாத கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வடசென்னை வியாசர்பாடிக்காரன். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னால் எங்கள் பள்ளிக்கு ஒரு பேச்சாளரைக் கூட்டிவந்தார்கள். ஹாலில் லைட்டை அணைத்து, சோகமாகப் புல்லாங்குழல் ஓடவிட்டு, "கண்ணை மூடுங்கள், அம்மாவின் கையை நினைத்துப் பாருங்கள்" என்றார். பத்தே நிமிஷத்தில் இருநூறு பேரும் தேம்பினோம். வீட்டுக்குப் போய் நேராக அம்மா காலில் விழுந்தேன். சங்கரா மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, "இன்னாடா, எதுனா தப்பு பண்ட்டு வந்துட்டியா?" என்றாள். திங்கட்கிழமை நான் மறுபடியும் அதே கடைசி பெஞ்சில்தான் இருந்தேன்.

அப்புறம் வேலைக்குப் போய், நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து மொட்டை மாடியில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு ஆரம்பித்தோம். 2019 கோடையில் வகுப்புக்கு வருகிற கூட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது. எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பேச்சாளர் எழுந்துவிட்டார். கல்வியின் அருமை பற்றி அரை மணி நேரம் பேசுவதற்குக் குறிப்பெல்லாம் எடுத்து வைத்தேன், அப்துல் கலாம் உட்பட.

அந்த வாரம் தற்செயலாகக் கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தத்தின் டெட் பேச்சைப் பார்த்தேன். மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்தவர். உடைந்த இங்கிலீஷில் பேசுகிறார், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அதில் 'கனவு காண்', 'உன்னால் முடியும்' என்று ஒன்றும் கிடையாது. கடை நாப்கின் வாங்கினால் பால் செலவில் கைவைக்க வேண்டிவரும் என்று மனைவி சொன்னது, தான் செய்ததைச் சோதிக்க ஆள் கிடைக்காமல் கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தானே இடுப்பில் கட்டிக்கொண்டது, வெறும் பஞ்சு என்று நினைத்தது மரக்கூழ் என்று பிறகு தெரிந்தது, இப்படியே போகிறது. எல்லாம் வீட்டில் கேட்டது, செய்து பார்த்தது, தோற்றது.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. குறிப்புத்தாளை மடித்து வைத்துவிட்டு, வகுப்பில் மிச்சமிருந்த ஏழாம் வகுப்புப் பெண்ணிடம், "மத்தவங்கல்லாம் ஏம்மா வரலை?" என்று கேட்டேன். "ஆறு மணிக்குத் தண்ணி லாரி வருதுண்ணா. லைன்ல நிக்கலன்னா அம்மா அடிக்கும்" என்றாள். அவ்வளவுதான் விஷயம். சென்னை முழுக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்த கோடை அது. நானே காலையில் குடம் தூக்கிவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், இது மட்டும் உறைக்கவில்லை. வகுப்பை ஏழரைக்கு மாற்றினோம். பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

தாத்தா பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். இதைக் கேட்டதும், "வாடியா கதை மாதிரி இருக்குதே" என்றார். 1918-இல் பெரம்பூர்ப் பக்கம் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் ஒரு பக்தி சபை நடத்தினார்கள். ஆன்மிகச் சொற்பொழிவு கேட்க பின்னி மில் தொழிலாளர்கள் வருவார்கள். பிரசங்கம் முடிந்ததும் பேச்சு தானாக மில்லுக்குள் நடக்கிற கொடுமைகளுக்குப் போய்விடும். திரு.வி.க. வந்து பேசினார். அன்னி பெசன்ட்டோடு வேலை செய்துகொண்டிருந்த பி.பி. வாடியாவையும் அழைத்துவந்தார்கள். வாடியாவுக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷில் பேசுவார். ஆனால் தொழிலாளர்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். அவர் முதலில் கையிலெடுத்த பிரச்சினைகளில் ஒன்று, அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. அந்த ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். தாத்தா வேலைக்குச் சேர்ந்தது அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து. ஆனாலும் சாப்பாட்டு நேரக் கதையை நேரில் பார்த்தவர் மாதிரிதான் சொல்வார்.

கலாமைக் கிண்டல் செய்ததாக நினைக்க வேண்டாம். அவரும் பேசி முடித்துவிட்டுப் பிள்ளைகளைக் கேள்வி கேட்கவிடுவார். பலருக்கு நினைவில் நிற்பது அந்தப் பகுதிதான். எங்கள் மாடியில் ஒரு பையன் ஒவ்வொரு பரீட்சைக்கு முந்தின நாளும் அவர் பேச்சைப் போட்டுக் கேட்கிறான். அவனுக்கு அது வேலை செய்கிறது, சரி, கேட்கட்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு அழவைக்கிற கோஷ்டியிடம்தான் எனக்குப் பொறுமை இல்லை.

இப்போது சனிக்கிழமைகளில் நாங்களும் பேச ஆள் கூப்பிடுகிறோம். எல்லாம் அக்கம்பக்கத்து ஆட்கள்தான். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் அக்கா வந்தார், ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர் வந்தார். பத்து நிமிஷம் பேச்சு, மீதி நேரம் கேள்வி. போன வாரம் ஈ.பி. லைன்மேன் ஒருவர் வந்தார். பேச வராது என்று ரொம்பத் தயங்கினார், நாலு வரியோடு நிறுத்தியும்விட்டார். முன் வரிசையிலிருந்து ஒரு பொடியன், "அங்கிள், உங்களுக்கு ஷாக் அடிச்சிருக்கா?" என்றான். அவர் சட்டைக் கையை மெதுவாக மடித்து முழங்கை வரை காட்டினார். அன்றைக்கு வகுப்பு முடிய ஒன்பதரை ஆகிவிட்டது.