‘ராக்கெட்ரி’ படத்தில் எது உண்மை, எது சினிமா?

மாதவன் எழுதி, இயக்கி, நடித்து 2022 ஜூலையில் வெளிவந்த ‘ராக்கெட்ரி’யில் வருவதெல்லாம் அப்படியே நடந்ததா, நம்பி நாராயணன் வழக்கைப் புரிந்துகொள்ள அது போதுமா என்பது கேள்வி. வழக்கு விவரங்களில் படம் பெரிதாகத் தடம் புரளவில்லை. ஆனால் வழக்கைப் புரிந்துகொள்ள அது போதாது.

நம்பி நாகர்கோவில்காரர். இஸ்ரோவின் கிரையோஜெனிக் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் இயங்கும் ராக்கெட் இன்ஜின்) திட்டப் பொறுப்பில் இருந்தபோது, 1994 நவம்பர் 30 அன்று கேரளப் போலீசார் அவரைக் கைது செய்தார்கள். மாலத்தீவுப் பெண்கள் இருவர் வழியாக ராக்கெட் ரகசியங்களைப் பாகிஸ்தானுக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. ஐம்பது நாள் சிறை. விசாரணையில் அடித்துத் துன்புறுத்தினார்கள் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். 1996இல் சிபிஐ, குற்றச்சாட்டில் உண்மையில்லை என்று அறிக்கை கொடுத்தது. விடாப்பிடியாக மறுவிசாரணைக்குக் கிளம்பிய கேரள அரசை 1998இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2018 செப்டம்பர் 14 அன்று 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பிரான்சில் நடக்கும் பகுதி. வெர்னான் நகரில் வைகிங் என்ற பிரெஞ்சு ராக்கெட் இன்ஜின் வேலையில் இந்தியப் பொறியாளர்கள் சேர்ந்துகொண்டு, அந்தத் தொழில்நுட்பத்தை இங்கே விகாஸ் இன்ஜினாகக் கொண்டுவந்தது நடந்த கதைதான். இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் இன்றும் எரிவது அதுதான். இன்ஜின் பேச்சை இவ்வளவு நேரம் சலிப்பில்லாமல் கேட்கவைத்ததற்கே மாதவனைப் பாராட்டலாம்.

ஆனால் நம்பி தொட்டதெல்லாம் துலங்கியது என்கிற தொனி கொஞ்சம் அதிகம். முத்துநாயகம் உள்ளிட்ட இஸ்ரோ முன்னாள் விஞ்ஞானிகள் 2022 ஆகஸ்டில் இதைப் பகிரங்கமாக மறுத்தார்கள். கைதால்தான் கிரையோஜெனிக் இன்ஜின் தாமதமானது என்பதையும் அவர்கள் ஏற்கவில்லை. அமெரிக்க நெருக்கடியால் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர மறுத்தது 1993இல். கைதுக்கு முந்தைய ஆண்டு. நம் சொந்த கிரையோஜெனிக் இன்ஜினுடன் ஜிஎஸ்எல்வி ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில். இடைப்பட்ட இருபது வருடங்களை ஒரு கைதின் தலையில் கட்டுவது எனக்கும் சரியாகப் படவில்லை.

என் உண்மையான மனக்குறை வேறு. ‘இப்பேர்ப்பட்ட மேதையைப் போய் இப்படிச் செய்துவிட்டார்களே’ என்றுதான் படம் நம்மைக் கலங்கவைக்கிறது. அவர் மேதையாக இல்லாமல் அலுவலகக் குமாஸ்தாவாக இருந்திருந்தால் அந்த அடி நியாயமாகிவிடுமா? வழக்கில் சிக்கியவர்கள் ஆறு பேர். சசிகுமாரனும் இஸ்ரோ விஞ்ஞானிதான். சர்மா, பெங்களூரில் ஒப்பந்தத் தொழில் செய்தவர். சந்திரசேகர், ரஷ்ய நிறுவனமான கிளாவ்காஸ்மோஸின் இந்தியப் பிரதிநிதி. மாலத்தீவுப் பெண்களில் ஒருவரான மரியம் ரஷீதாவை முதலில் பிடித்தது விசா காலம் கடந்து தங்கினார் என்றுதான். அதிலிருந்து ஊதிப் பெருக்கியதுதான் இந்த உளவுக் கதை. அவரும் இன்னொரு பெண்ணான ஃபௌசியா ஹசனும் நம்பியைவிடப் பல மடங்கு காலம், ஆண்டுக் கணக்கில், சிறையில் கிடந்தார்கள். பத்திரிகைகள் அந்தப் பெண்களைப் பற்றி எழுதிய ஆபாசக் கதைகளை இப்போது படித்தாலும் கூசுகிறது.

நம்பிக்குப் பத்மபூஷண் கிடைத்தது, மகிழ்ச்சி. சந்திரசேகரோ 2018 தீர்ப்பு வந்த அன்றே நினைவிழந்து, இரண்டு நாளில் இறந்துபோனார். மாதவன் படத்தைத் தாராளமாகப் பாருங்கள். பார்த்த கையோடு 1998, 2018 தீர்ப்புகளையும் தேடிப் படியுங்கள்; மற்ற ஐவரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன.