பெட்டி வைக்கும் முன் ஒரு போன்

கேள்வி: வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காக எங்கள் குடியிருப்பில் நிவாரணம் திரட்டப் போகிறோம். பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வாசலில் பெட்டி வைத்தால் துணிமணி, போர்வை, மருந்து எல்லாம் சேர்ந்துவிடும் என்கிறார்கள் பலர். பணமாகத் திரட்டலாமே என்றேன். "பணம் யார் கைக்குப் போகும் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்?

- ஒரு வாசகி

பதில்: பணம்தான் நல்லது என்று நீங்கள் நினைத்தது சரி. ஆனால் அவர்கள் கேட்டதும் நியாயமான கேள்வி. கோபப்படாமல் அதற்குப் பதில் தயார் செய்யுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில், பெட்டியை இன்னும் வைக்காதீர்கள். வெள்ளம் பாதித்த இடத்தில் இப்போதே வேலை செய்துகொண்டிருக்கும் ஓர் அமைப்புக்கோ முகாம் நடத்துபவருக்கோ போன் செய்யுங்கள். இன்றைக்கு எது இல்லை, எவ்வளவு வேண்டும், அனுப்பினால் யார் இறக்கி வாங்கிக்கொள்வார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. இறக்க ஆளும் வைக்க இடமும் இல்லாத ஊருக்கு லாரி போனால், நல்ல மனதோடு கொடுத்தது சாலையோரத்தில் நனைந்து வீணாகும். ஏற்கெனவே களைத்துப்போன தன்னார்வலர்கள்தான் அதை அள்ளிப் போடவும் வேண்டும்.

இது எங்கோ அபூர்வமாக நடப்பதல்ல. 1998இல் மிட்ச் புயலுக்குப் பிறகு ஹோண்டுராஸில் நன்கொடைத் துணி மூட்டைகள் ஓடுதளத்தில் குவிந்து கிடந்ததால் நிவாரணப் பொருள் ஏற்றி வந்த விமானம் இறங்க முடியவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்குச் சுமார் 4,000 டன் மருந்துகள் போய்ச் சேர்ந்தன. பலவற்றின் லேபிளை அங்குள்ளவர்களால் படிக்கவே முடியவில்லை. வீட்டில் மீந்த மாத்திரைகளை ஒருபோதும் வாங்காதீர்கள். கைக்குழந்தைகளுக்கான பால் பவுடரும் வேண்டாம். சுத்தமான தண்ணீர் கிடைக்காத இடத்தில் அதைக் கரைத்துக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும். அப்படி நன்கொடையாக அனுப்பக் கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்கின்றன.

சரி, பணத்துக்கு வருவோம். பணத்தை நீங்கள் தொடாமலே இருப்பதுதான் மிகச் சுலபமான வழி. விசாரித்துத் தேர்ந்தெடுத்த அமைப்பின் வங்கிக் கணக்கு விவரத்தை எல்லோருக்கும் கொடுங்கள். அவரவர் நேரடியாக அனுப்பட்டும், ரசீதை மட்டும் உங்களுக்குக் காட்டட்டும். உங்கள் சங்கமே வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், யாருடைய சொந்தக் கணக்கிலும் போடாதீர்கள். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்ற கணக்கு வேண்டும். சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டவர்களில் ஒருவரையே அந்த இரண்டில் ஒருவராகப் போடுங்கள். வரவையும் செலவையும் தினமும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். லாரி வாடகை, அட்டைப்பெட்டி, டேப் செலவு எல்லாம் அதில் வரட்டும். மறைத்த சின்னச் செலவு வெளியே வரும்போது பெரிய செலவின் மீதும் சந்தேகம் வரும்.

பொருளாகத்தான் கொடுப்பேன் என்பவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள். அங்கிருந்து கேட்ட பட்டியலில் ஒன்றோ இரண்டோ பொருளை மட்டும் சொல்லி, புதிதாக வாங்கித் தரச் சொல்லுங்கள். நாப்கின், உள்ளாடை, டார்ச் லைட் போன்றவற்றைக் கேட்கவே முகாமில் பலர் கூச்சப்படுவார்கள் அல்லது மறந்துபோவார்கள், நீங்களே விசாரித்துவிடுங்கள். ஒரு பெட்டியில் ஒரே வகைப் பொருள், வெளியே பெயரும் எண்ணிக்கையும், அவ்வளவுதான். பழைய துணி வைத்திருப்பவர்கள் அதை இங்கேயே விற்று, வந்த தொகையைக் கொடுக்கலாம்.

வாங்கிக்கொள்பவர்களின் முகம் தெரிய போட்டோ எடுக்கச் சொல்லாதீர்கள் என்பது என் வேண்டுகோள். வீடு போனவர் கையேந்தி நிற்கும் படம் கணக்குக்குச் சான்று ஆகாது. அதற்கு ரசீது போதும்.

இன்னொன்று. முதல் வாரத்தில் எல்லோரும் கொடுப்பார்கள். தண்ணீர் வடிந்து, முகாம் கலைந்து, வீட்டுச் சேற்றை வழித்த பிறகுதான் நோட்டுப் புத்தகம், தொழில் கருவி, அடுப்பு என்று தேவை ஒவ்வொன்றாகத் தெரியவரும். அப்போது கேட்பார் இருக்க மாட்டார்கள். அதனால் திரட்டுவதில் ஒரு பங்கை இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொடுப்போம் என்று முதல் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள், எந்தத் தேதியில் கணக்கை முடிப்பீர்கள் என்பதையும் சேர்த்து.