அம்மாவை ரிச்மண்ட் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

கோப்பாயிலிருந்து லண்டன் நியூ மோல்டனுக்கு வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை, பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக அம்மாவும் விசிட் விசாவில் வந்து நிற்கிறார், ஊரில் விடியற்காலையில் கோயிலுக்கு நடந்தே போய்வந்தவர் இங்கே யன்னலோரம் முடங்கிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். மான்கள் திரியும் பூங்கா ஒன்று பக்கத்தில் இருக்கிறதாமே, அங்கே எங்களைப் போன்றவர்கள் நடக்கலாமா, காசு கட்ட வேண்டுமா, யாராவது மறித்து விசாவைக் கேட்பார்களா என்பது உங்கள் கேள்வி.

தாராளமாக நடக்கலாம். ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. நடப்பவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. இந்தக் கடைசிப் பதிலுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அம்மாவுக்கும் அதைச் சொல்லுங்கள்.

1637இல் முதலாம் சார்ள்ஸ் மன்னர் தன் மான் வேட்டைக்காக அந்த நிலத்தைச் சுற்றி ஏறத்தாழ எட்டு மைல் நீளத்துக்கு மதில் எழுப்பினார். ஊராரின் காணிகளும் பொது மேய்ச்சல் நிலங்களும் உள்ளே அகப்பட்டுக்கொண்டன. சனங்கள் கொதித்ததால் குறுக்கே நடந்துபோகும் உரிமையை மட்டும் விட்டுவைத்தார். 1751இல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற அமீலியா இளவரசி அதையும் பறித்தார். அனுமதி பெற்ற சிலருக்கு மட்டுமே வாயில் திறந்தது. அப்போது ரிச்மண்டில் பியர் வடிக்கும் தொழில் செய்த ஜோன் லூயிஸ் என்பவர், தன்னை உள்ளே விடாத வாயிற்காவலாளிமீது வழக்குப் போட்டு, 1758இல் வென்றார். வழக்கு நடந்தது கிங்ஸ்டனில், நீங்கள் சாமான் வாங்கப் போகும் அதே கிங்ஸ்டன்தான். கதவு வேண்டுமா, மதிலின்மேல் ஏணிப்படி வேண்டுமா என்று கேட்டபோது, கதவென்றால் பூட்டிவிடலாம் என்று ஏணிப்படியையே கேட்டாராம். கட்டிக் கொடுத்தவர்கள் படிகளை எட்டாத இடைவெளியில் வைத்தார்கள். சிறுவர்களும் வயதான பெண்களும் ஏற முடியவில்லை என்று அவர் மறுபடியும் நீதிபதியிடம் போனார். வயதான ஆண்களும் ஏறக்கூடியதாகத் திருத்திக் கட்டும்படி நீதிபதி சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

1990இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து போரால் எழும்பிப்போய், பிறகு வருடக்கணக்காகச் சொந்தக் காணியை இராணுவத்தின் முட்கம்பிக்கு இப்பால் நின்று பார்த்த சனங்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. இந்த நாட்டில் நான் மனமார மதிக்கிறவற்றில் அந்த ஏணிப்படி முதன்மையானது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் தாயார் முதன்முதல் அங்கே வந்தபோது தார்ப்பாதையை விட்டு இறங்கவே மறுத்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் புல்வெளி. சனங்கள் நாய்களோடும் குழந்தைகளோடும் அதில் நடந்துகொண்டிருந்தார்கள். அவருடைய கண்கள் புல்லுக்குள் எதையோ தேடின. முகமாலைப் பக்கம் போய்வந்தவர்களுக்கு அது தெரியும்: மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகை. நான் எதுவும் பேசாமல் முன்னே நடந்தேன். என் சப்பாத்து அழுத்திய புல்லில் மட்டும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து அவர் பின்னால் வந்தார். சிறிது தூரம் போனபின் திரும்பிப் பார்த்தேன். அடிச்சுவட்டை விட்டு விலகி, ஒரு ஓக் மரத்தை நோக்கித் தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தார். உங்கள் அம்மாவும் தயங்கினால் அவசரப்படுத்தாதீர்கள்.

வழியைச் சொல்கிறேன். கிங்ஸ்டனிலிருந்து 65ஆம் இலக்க பஸ் பீற்றர்ஷாம் வாயிலடிக்கு வரும். ஆனால் அங்கிருந்து நல்ல ஏற்றம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒத்துவராது. காரில் போய் மேட்டின்மேல் இருக்கும் ரிச்மண்ட் வாயிலில் தொடங்குங்கள். அங்கிருந்து பெம்புரோக் லொட்ஜ் வரை பாதை பெரும்பாலும் சமதரை. ஆறுதலாக நடந்தாலும் அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம். இடையில் எட்டாம் ஹென்றியின் பெயரால் அழைக்கப்படும் சிறு மேடு வரும். அதில் நின்று ஒரு பக்கம் பார்த்தால், மரங்களுக்கு நடுவே வெட்டிவிட்ட இடைவெளி வழியாகச் சுமார் 16 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள புனித பவுல் பேராலயத்தின் குவிமாடம் தெரியும். அந்தக் காட்சியை மறைத்துக் கட்டடம் எழும்பாதபடி சட்டப் பாதுகாப்பும் உண்டு. லொட்ஜில் தேநீர்க்கடையும் கழிப்பறையும் இருக்கின்றன. மெய்யியலாளர் பேர்ட்ரண்ட் ரசல் சிறுவனாக வளர்ந்த வீடு அது. முதல் நாளுக்கு அவ்வளவு போதும். அசேலியாப் பூக்களுக்குப் பெயர்போன இசபெல்லாத் தோட்டத்துக்கு ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ தனியாக ஒரு நாள் போங்கள்.

மரங்களில் கிளிச்சத்தம் கேட்டால் அம்மா திகைப்பார். அது எங்கள் ஊர்ப் பச்சைக்கிளியின் இனமேதான். கூண்டிலிருந்து தப்பியும் விடுவிக்கப்பட்டும் பெருகி, பழைய ஓக் மரப் பொந்துகளில் குடியிருக்கின்றன. அந்த ஓக்குகளில் சில, மதிலுக்கும் முந்தியவை. விழுந்த கிளைகளும் அடிமரங்களும் அப்படியே கிடக்கும். எங்கள் கண்ணுக்கு அது விறகு. ஆனால் கொம்புவண்டின் புழுக்கள் உக்கிய மரத்துக்குள் பல வருடங்கள் வாழ்கின்றன. 2000ஆம் ஆண்டிலிருந்து அது தேசிய இயற்கை ஒதுக்கிடம் என்பதால் காளான், கஷ்கொட்டை, ஓக் கொட்டை எதையும் பொறுக்கிக்கொண்டு வரக்கூடாது. மடியில் கட்டிவிடாதபடி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மான்கள் அறுநூறுக்கு மேல் இருக்கின்றன, செம்மானும் புள்ளி போட்ட இன்னொரு இனமும். பழகியவைபோலப் பக்கத்தில் நிற்கும், ஆனாலும் அவை காட்டு மான்கள். ஐம்பது மீற்றராவது தள்ளி நில்லுங்கள். தீனி போடக்கூடாது. மே முதல் யூலை வரை தாய்மான் குட்டியைப் பன்னச்செடிக்குள் மறைத்துவைக்கும். தனியாகக் கிடக்கிறதே என்று கிட்டப் போனால் தாய் பாயும். செப்டெம்பர், ஒக்டோபரில் கலைமான்கள் உறுமிக்கொண்டு மோதும் காலம். அப்போது தள்ளுவண்டியோடு பாதையை விட்டு இறங்கவேண்டாம்.

அம்மா சேலையோடுதான் வருவார் என்றால் வரட்டும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உள்ளே காலை ஒட்டிய நீளக் காற்சட்டையும் மொத்தக் காலுறையும் போட்டுவிடுங்கள். உயர்ந்த புல்லிலும் பன்னத்திலும் உண்ணி இருக்கிறது, சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்புறத்தைப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் சேறு வழுக்கும், செருப்பு வேண்டாம்.

கார் வாயில்களை இருட்டும்போது பூட்டிவிடுவார்கள். அன்றைக்குரிய நேரம் வாயிலில் எழுதியிருக்கும், உள்ளே போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.