அரசுக் கடிதங்களில் வரும் ஓ.மு., மூ.மு., ப.மு. எதைக் குறிக்கின்றன?

அந்த இரண்டு எழுத்துகள்தான் கோப்பின் ஆயுள் ரேகை. தமிழ்நாட்டு அரசு அலுவலகத்தில் கோப்பு நடப்பில் இருக்கும்வரை ந.க. எண் இருக்கும். முடிந்த பிறகு ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு. அத்தனை காலம் பதிவறையில் இருந்துவிட்டு, பிறகு அழிக்கப்படும். ஆங்கிலேயர் காலத்து எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ். ஆகியவற்றின் தமிழ் வடிவங்கள் இவை. நிரந்தரமாக வைக்க வேண்டியவற்றுக்குத் தனி வகை உண்டு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஆயுளை முடிவு செய்யும் நேரம். கோப்பை மூடும்போதே, விவரம் தெரிந்தவர் கையில் இருக்கும்போதே வகை குறிக்கப்படுகிறது. கணினிக்கு மாறிய பல நிறுவனங்கள் இதைத்தான் கோட்டைவிட்டன. எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, எதை அழிப்பது என்று பின்னால் விழிக்கின்றன.

தனியார் நிறுவனம் என்றால் கணக்கு வேறு. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 128ஆம் பிரிவுப்படி கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் குறைந்தது 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். பொதுக்குழுக் கூட்டங்களின் நடவடிக்கைப் புத்தகத்துக்கோ கெடுவே கிடையாது. அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.