சொந்தப் புத்தியில் நடக்கிற ஒருவருக்காக வாக்குக் கேட்டோம்

கேள்வி: யாழ். மாநகர சபைத் தேர்தலில் கட்சித் தலைமைக்குத் தலையாட்டாத, சொந்தமாக யோசிக்கிற வேட்பாளரை ஆதரிப்பதில் ஏதும் பயன் உண்டா? அந்த வாக்கு வீண்தானே?

வீண் இல்லை. எங்கள் மாநகர சபையில் கட்டாயம் வீண் இல்லை.

2018 தேர்தலில் 45 ஆசனங்களில் தமிழரசுக் கட்சிக்கு 16, தமிழ்க் காங்கிரசுக்கு 13, ஈ.பி.டி.பி.க்கு (ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி) 10. ஒருவருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 2020 டிசம்பரில் பாதீடு (வரவு செலவுத் திட்டம்) சபையில் இரண்டு தரம் தோற்றது, அதனால் மாநகர முதல்வரின் பதவி பறிபோனது. அதே மாதம் 30ஆம் திகதி அடுத்த முதல்வர் தெரிவானது 21க்கு 20 என்ற வாக்குகளில். ஒரேயொரு உறுப்பினர் மாறிக் கை உயர்த்தியிருந்தால் முடிவே வேறு. 2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலிலும் முன்னுக்கு வந்த தமிழரசுக் கட்சிக்கே 13 ஆசனந்தான். இப்படிப்பட்ட சபையில் தன் கையை எப்போது உயர்த்துவது என்று தானே தீர்மானிக்கக்கூடிய ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்று நினைத்துப் பாருங்கள்.

போன தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் நான் வேலை செய்தது அப்படி ஒருவருக்கு. ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவிச்சி). ஊரில் எல்லோருக்கும் அவர் ‘மிசி’. அரைவாசி வீடுகளில் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்தவர், எந்த வளவில் கிணற்றுக்குப் பக்கத்திலேயே மலக்குழி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். கீழே கழிவு கிணற்றுக்கு ஊறிப்போகிற சுண்ணாம்புக்கல், மேலே நெருக்கமான வீடுகள், நகரத்துக்கென்று கழிவுநீர்க் குழாய்த் தொகுதியும் இல்லை. இந்த நிலத்தில் அந்த அறிவுக்கு என்ன பெறுமதி என்று விளக்கத் தேவையில்லை.

அப்படியென்றால் ஏன் சுயேட்சையாக நிற்கவில்லை என்று பலர் கேட்டார்கள். எங்கள் முறையில் தனியாள் ஒருவர் நிற்கவே ஏலாது. சுயேட்சைக் குழு என்றாலும் 27 வட்டாரங்களுக்கும் ஆள் போட வேண்டும், அதற்கு மேல் விகிதாசாரத்துக்கான, அதாவது வாக்கு வீதப்படி பங்கிடுகிற ஆசனங்களுக்கான, மேலதிகப் பட்டியலும் நிரப்ப வேண்டும். கட்டுப்பணம் கட்சிகளுக்கு ஆளுக்கு 1,500 ரூபாய் என்றால் சுயேட்சைக் குழுவுக்கு ஆளுக்கு 5,000. ஓய்வூதியத்தில் சீவிக்கிற ஒருவர் இதையெல்லாம் எங்கே தேடுவது? அதனால்தான் சொந்தப் புத்தி உள்ள ஆட்களும் ஏதோவொரு கட்சிப் பட்டியலுக்குள் போய் நிற்கிறார்கள். வட்டாரப் பட்டியலில் குறைந்தது 10 வீதம், மேலதிகப் பட்டியலில் 50 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, பெண்களைப் பெரும்பாலும் பின்னதில் தள்ளிவிடுவதுதான் வழமை. மிசி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. “வட்டாரம் தந்தால் நிக்கிறன், இல்லாட்டி விடுங்கோ” என்று சொல்லித்தான் வாங்கினார்.

பிரசாரத்தில் எங்களுக்குப் பெரிய கரைச்சல் வாக்குச்சீட்டுத்தான். அதில் வேட்பாளரின் பெயர் இல்லை, கட்சியும் சின்னமும் மட்டும். ஆளைப் பிடித்தவருக்குக் கட்சி பிடிக்காது, கட்சியைப் பிடித்தவருக்கு ஆள் யாரென்று தெரியாது. “மிசிக்குப் போட வேணும் எண்டால் எதுக்குப் பிள்ளை புள்ளடி?” என்று வயதானவர்கள் ஒவ்வொரு படலையிலும் கேட்டார்கள். சின்னத்தைச் சொன்னதும் சிலரின் முகம் மாறும். அப்போது நாங்கள் கட்சிக்காக வாதாடவில்லை. அவர் என்ன செய்வார், எதைச் செய்ய மாட்டார் என்று மட்டும் சொன்னோம்.

அந்த ‘செய்ய மாட்டார்’ என்பதை நான் கண்ணால் கண்டது ஒரு பின்னேரம், வெள்ள வாய்க்கால் பக்கத்தில். மாரியில் அந்த ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். வாய்க்கால் இருக்கிறது, ஆனால் நடுவில் ஒரு வீட்டுக்காரர் வாகனம் ஏற்றுவதற்காகக் கொங்கிறீற்றுப் போட்டு மூடி, மதிலையும் அரை அடி முன்னுக்கு இழுத்துக் கட்டியிருக்கிறார். கீழே துப்புரவாக்க வழியில்லை, மண்ணும் பிளாஸ்ரிக் போத்தலும் இறுகிப்போய்க் கிடக்கிறது. அவர் எங்களுக்கு நல்ல ஆதரவு. அவரின் சொல்லுக்குப் பின்னால் ஒழுங்கை முழுக்கச் சொந்தக்காரர் வீடுகள். தேத்தண்ணி தந்து, தானே ஆட்களைக் கூப்பிட்டுக் கூட்டமும் வைத்தவர். மிசி தேத்தண்ணியைக் குடித்து முடித்து எழும்பி, வாய்க்காலைக் காட்டிச் சொன்னார்: “ஐயா, நான் வெண்டால் முதல் வேலை இதைத் திறக்கிறதுதான். உங்களுக்கு இப்பவே தெரிஞ்சிருக்க வேணும்.”

அங்கே நின்ற ஒரு இளைஞன் கதையை மாற்றப் பார்த்தான்: “மிசி, மெயின் றோட்டுக்குக் காப்பெற் போட்டுத் தருவம் எண்டு சொல்லுங்கோவன்.” அதற்கும் அவர் அசையவில்லை. “அது வீதி அபிவிருத்தி அதிகாரசபையின்ரை றோட்டு, தம்பி. மாநகர சபைக்கு அதிலை வேலை இல்லை. செய்யேலாததைச் சொல்லி உங்களிட்டை வாக்கு வாங்க மாட்டன்.”

திரும்பி வரும்போது எங்களில் சிலருக்குக் கவலை. எனக்கு அன்றைக்குத்தான் முழு நம்பிக்கை வந்தது. சுயமாக யோசிக்கிற ஆள் என்று பெயர் எடுப்பது இங்கே சுலபம். கட்சித் தலைமையை மேடையில் நாலு வார்த்தை திட்டினால் போதும். முதல்வர் தெரிவு நாளில் எந்தப் பக்கம் பாய்ந்தால் என்ன கிடைக்கும் என்று பார்த்துத் திரிகிறவர்கூடத் தன்னைச் சுதந்திரமான ஆள் என்றுதான் சொல்லுவார். நான் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: தன்னை ஆதரிக்கிறவனின் முகத்தைப் பார்த்து ‘ஏலாது’ என்று சொல்லக்கூடியவரா? அதைச் சொல்லக்கூடியவர் நாளைக்குக் கட்சிக்கும் சொல்லுவார், ஒப்பந்தக்காரருக்கும் சொல்லுவார்.

சபைத் தேர்தல்தானே, இதற்கு இவ்வளவு யோசனை ஏன் என்பவர்கள் அந்த முதல்வர் கதிரையின் வரலாற்றைக் கொஞ்சம் நினைக்க வேண்டும். முதல்வராக இருந்த அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27 அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுடப்பட்டார். 1998இல் தெரிவான சரோஜினி யோகேஸ்வரன் அந்த வருடம் மே மாதமே கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்டெம்பரில் குண்டுவெடிப்பில் பலியானார். எங்கள் பெற்றோரின் தலைமுறை “உனக்கேன் இந்த வேலை” என்று பிள்ளைகளைத் தடுத்ததற்குக் காரணம் இருந்தது. மிசியின் தமையனும் அதையேதான் சொன்னார். இன்றைக்கு அந்தப் பயம் இல்லாமல் ஒரு பெண் வீடு வீடாகப் போய்ச் சோலைவரி (வீட்டுக்குச் சபை அறவிடும் வரி) எங்கே போகிறது, நகரக் குப்பை கொட்டுகிற கல்லுண்டாயில் குப்பை ஏன் எரிகிறது என்று கதைக்க முடிகிறது. எனக்கு இது சின்ன விடயம் இல்லை.

முடிவைச் சொல்கிறேன். மிசி வெல்லவில்லை. வட்டாரத்தில் இரண்டாவதாக வந்தார். எங்கள் வட்டாரத்தில் விழுந்த வாக்குகளும் கட்சியின் மொத்தத்தில் சேர்ந்து விகிதாசார ஆசனத்துக்கு உதவின. தோற்ற வட்டார வேட்பாளருக்கும் அதைக் கொடுக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது, ஆனால் கட்சி வேறு ஒருவரைப் போட்டது. எங்களுக்கு மனம் நொந்தது, மறைக்கவில்லை. கொங்கிறீற்றுக்காரர் வாக்குப் போட்டாரா இல்லையா என்று நான் கேட்கவும் இல்லை.

வென்றிருந்தாலும் சிக்கல் தீர்ந்திருக்காது. கட்சி உறுப்புரிமையைப் பறித்தால் சபை ஆசனமும் போகக்கூடிய சட்டம் இருக்கிறது. கட்சிக்குள் இருந்துகொண்டு மனச்சாட்சிப்படி வாக்களிக்கிறவரின் தலைக்கு மேல் அது எப்போதும் தொங்கும். ஆகவே நீங்கள் ஒருவரை ஆதரித்தால் தேர்தல் நாளோடு விட்டுவிடாதீர்கள். அவரைக் கட்சி ஒதுக்கும்போது சத்தம் போட வட்டாரத்தில் ஆட்கள் இருக்க வேண்டும்.

தோற்ற பிறகும் மிசி ஓயவில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த வாய்க்காலுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், கடைசியாக எப்போது துப்புரவாக்கினார்கள் என்று எழுதிக் கேட்டார். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும், தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வந்த பதிலைச் சனசமூக நிலையத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். சபை உறுப்பினர்கள் இரண்டு பேர், வேறு வேறு கட்சிக்காரர், வந்து வாசித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த முறைக்குச் சுயேட்சைக் குழு ஒன்று கட்டுவது பற்றி இப்போதே கதைக்கிறோம். இந்தமுறை பலருடைய வேட்புமனு நிராகரிக்கப்பட்டதைப் பார்த்த பிறகு, பத்திரங்களைச் சரிபார்க்க ஒரு சட்டத்தரணியும் வேண்டும் என்று தெரிகிறது. நாவாந்துறை, குருநகர், சோனகதெரு, வண்ணார்பண்ணைப் பக்கம் எங்களுக்கு ஆள் பழக்கம் குறைவு. அந்த இடங்களில் ஆதரவாளர் முகத்தைப் பார்த்து ‘ஏலாது’ சொல்லக்கூடிய யாரையாவது தெரிந்தால், முக்கியமாகப் பெண்கள், எனக்குத் தனிச்செய்தி போடுங்கள்.