கடைப் பலகையில் 'டேன்டலைசிங்' என்று எழுதலாமா?

கேள்வி: பேக்கரி திறக்கப்போகிறேன். பலகையில் 'டேன்டலைசிங் கேக்ஸ்' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். 'அது நரகத்தில் தண்டனை அனுபவித்தவன் பெயர், கடைக்கு ஆகாது' என்கிறார் உறவினர் ஒருவர். மாற்றிவிடட்டுமா?

பதில்: உறவினர் சொல்லும் கதை சரிதான். ஆனால் அதற்காகப் பலகையை மாற்ற வேண்டியதில்லை.

டான்டலஸ் கிரேக்கப் புராணத்தில் வரும் அரசன், தேவர்களின் தலைவன் சீயஸின் மகன். இன்றைய துருக்கியின் மேற்கில் இருக்கும் சிபிலஸ் மலைப்பகுதியை ஆண்டவன் என்பார்கள். தேவர்களோடு சமமாக உட்கார்ந்து விருந்துண்ணும் பேறு பெற்றவன். தேவர்களால் கண்டுபிடிக்க முடிகிறதா என்று சோதிக்க, பெற்ற மகன் பெலப்ஸையே வெட்டிச் சமைத்து அவர்களுக்குப் பரிமாறினான் என்பது ஒரு கதை. கவிஞர் பிண்டார் இதை ஏற்கவில்லை. தேவர்களின் அமுதைத் திருடி மனிதர்களுக்குக் கொடுத்ததுதான் அவன் குற்றம் என்கிறார்.

பழைய கிரேக்கக் காவியமான ஹோமரின் ஒடிஸியில், 11ஆம் பகுதியில் அவன் குற்றம் என்னவென்றே வராது, தண்டனை மட்டும்தான். அந்தச் சில வரிகள் படிப்பவர் மனதை விட்டு அகலாதவை. கிழவன் ஒருவன் மோவாய் வரை தண்ணீரில் நிற்கிறான். குடிக்கக் குனிந்தால் தண்ணீர் அப்படியே வற்றி, காலடியில் கருப்பு மண் தெரிகிறது. தலைக்கு மேலே பேரி, மாதுளை, ஆப்பிள், அத்தி, ஆலிவ் எல்லாம் காய்த்துத் தொங்குகின்றன. கையை நீட்டினால் போதும், காற்று கிளைகளை மேகம் வரை தூக்கிவிடுகிறது.

16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பெயரிலிருந்து ஆங்கிலத்தில் 'டேன்டலைஸ்' பிறந்தது. கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாதபடி ஏங்க வைப்பது என்று பொருள். 1802இல் ஸ்வீடன் வேதியியலாளர் எக்கபெரி ஒரு புதிய உலோகத்துக்கு டான்டலம் என்று பெயரிட்டதற்கும் இவன்தான் காரணம். தண்ணீரில் நின்றும் குடிக்க முடியாத அவனைப் போல, அதன் ஆக்சைடு அமிலத்துக்குள்ளேயே கிடந்தாலும் அதில் கரையவில்லை. அப்புறம் 1844இல் அதனோடு கலந்திருந்த இன்னொரு தனிமத்துக்கு டான்டலஸின் மகள் நியோபி நினைவாக நியோபியம் என்று பெயர் வைத்தார்கள்.

சரி, உங்கள் பலகைக்கு வருவோம். உணவு விளம்பரங்களில் இந்தச் சொல் வெகுநாளாகப் புழங்குகிறது. நாவில் நீர் ஊற வைப்பது என்றுதான் வாடிக்கையாளர் எடுத்துக்கொள்வார். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேக்குக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் கைக்குக் கிடைத்துவிட்ட ஒன்றுக்கு இதைப் போடாதீர்கள். வேலைக்கு ஆணை அனுப்பிய நிறுவனத்துக்கு நன்றிக் கடிதம் எழுதுகிறீர்கள் என்றால் 'அட்ராக்டிவ் ஆஃபர்' போதும். 'டேன்டலைசிங்' என்றால், ஆசை காட்டிவிட்டுத் தராமல் இழுக்கிறார்கள் என்ற தொனி வந்துவிடும்.

எழுத்துக்கூட்டலில் இசட் போட்டாலும் எஸ் போட்டாலும் சரிதான். எஸ் பிரிட்டனில் அதிகம். பலகையிலும் பெட்டியிலும் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.